ஒரு விரற்கடை ஆழம்

படம் எடுக்கும்போது போட்டோக்காரம்மா ஒரு தரம் தலையாட்டுவாள். பொத்தானைப் பாதி அழுத்தி, மூச்சைப் பிடித்து, கேமராவோடு சேர்த்துத் தலையையும் மெல்ல முன்னால் இறக்கி, அப்புறம்தான் முழுசாக அழுத்துவாள். எதிரே ஸ்டூலில் விறைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வணக்கம் வைப்பதுபோலத் தெரியும். சிலர் தங்களை அறியாமல் பதிலுக்குத் தலையாட்டிவிடுவார்கள். அந்தப் படம் வீணாகும், மறுபடி எடுக்க வேண்டும்.

"என்னம்மா, எனக்கெல்லாம் கும்பிடு போடுறீங்க? நான் என்ன மந்திரியா?" என்று வரிசையில் நிற்பவர்கள் கேலி செய்வார்கள். அவள் சிரிப்பாள், பதில் சொல்ல மாட்டாள்.

அந்தத் தலையாட்டலுக்குக் காரணம் இருந்தது. அவள் தொழில் பழகிய கேமராவில் ஃபோகஸ் பிடிக்க நடுவில் ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அந்தக் கட்டத்தை முதலில் கண்ணில் வைக்க வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் அங்கே பூட்டிக்கொள்ளும். பிறகு தோள் இரண்டும் உள்ளே வரும்படி கேமராவை இறக்கி எடுக்க வேண்டும். அடுத்தடுத்து வந்த கேமராக்களில் அந்தக் கட்டத்தையே வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் கை பழகினது பழகினதுதான். அடையாள அட்டை அலுவலகத்துக்கு எதிரே, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில், வெள்ளைத் திரைக்கு முன்னால், இருபத்திரண்டு வருஷமாக ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி தூரம், ஒரே லென்ஸ். எத்தனை ஆயிரம் முகத்துக்குத் தலையாட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அவளுடைய அக்கா மட்டும் அவளைத் 'தலையாட்டி' என்று கூப்பிடுவாள். அதற்கும் கேமராவுக்கும் சம்பந்தமில்லை, அது பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்ட பெயர். வகுப்பில் கேள்வி கேட்டால் இவள் எழுந்து நிற்பாள், வாய் திறக்கும், சத்தம் வராது. கடைசியில் தலையை மட்டும் ஆட்டுவாள். "தெரியும்னு ஆட்டுறியா, தெரியாதுன்னு ஆட்டுறியா?" என்று டீச்சர் கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒருநாள் பையை எடுக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாலு வயது மூத்த அக்கா அப்போதே சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அப்புறம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த போட்டோ கடையில் நிறுத்தினாள்.

"இவளுக்குப் பேச வராது. கத்தரிக்கோல் பிடிக்க வரும்" என்றாள் அக்கா.

"அது போதும். பேச்ச நான் பேசிக்கிறேன்" என்றார் அப்போதைய முதலாளி.

நாலு வருஷம் படங்களை அளவாக வெட்டினாள். பிறகு விளக்கைத் தூக்கினாள். முதலாளிக்கு முதுகு போனபோது கேமராவைத் தூக்கினாள். கேமராவுக்குப் பின்னால் நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை என்பதை முதல் நாளே கண்டுகொண்டாள். மூடிய அறையிலிருந்து சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது மாதிரி. அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. முதலாளி கடையை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கல்யாணம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் தலையை இடவலமாக ஆட்டினாள். அக்கா ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள்.

அக்கா வேறு மாதிரி. தொழிற்சாலையில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். நாற்பது மெஷின் ஓடும் வரிசைக்கு சூப்பர்வைசர். பத்தடி தள்ளி நின்றே எந்தக் காலரில் ஒரு தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். அவள் நிமிர்ந்து பார்த்தால் பெண்கள் கை தானாக நூலைத் தேடும். வீட்டிலும் அதே பார்வைதான். கணவர், மகள், தங்கை மூன்று பேரும் அந்தக் கண்ணுக்குப் பயந்தே சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டார்கள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அப்பா போனபோதுகூட, வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

தலைவலி என்று ஆரம்பித்தது ஒரு மழைக்காலத்தில். கண்ணாடி மாற்றினாள், மாத்திரை மாற்றினாள். வலது வாயோரம் கொஞ்சம் தொங்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மண்டைக்குள் கட்டி. வெட்டிப் பார்த்தார்கள், கதிர்ச்சூடு வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு முதலில் தெரியும்.

வெளிச்சம்தான் அவளுக்கு ஆகவில்லை. ஒரு குழல் விளக்கு எரிந்தால்கூட மண்டைக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல இருக்கிறது என்பாள். ஜன்னலுக்குத் தடித்த போர்வையைத் தொங்கவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணியிலிருந்து அரை மணி நேரம், அதுவும் வலி அடங்கிய நாளில் மட்டும், போர்வையை ஒரு முழம் தூக்கிவிடலாம். அந்த அரை மணியில்தான் மகள் பாடம் எழுதுவதைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பாள். பதினாலு வயதுப் பெண், அம்மாவுக்குத் தெரியும்படி பெரிய பெரிய எழுத்தாக எழுதும்.

அப்படி ஒரு நாலு மணிக்குத்தான் அக்கா அதைக் கேட்டாள்.

"ஏய் தலையாட்டி. நான் போனப்புறம் எந்தப் படத்த மாட்டப்போறீங்க?"

தங்கை போர்வை நுனியைச் சரிசெய்வதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அங்க என்ன பார்வ? கேட்டதுக்குச் சொல்லு. அந்தக் கார்டு படத்தப் பெருசு பண்ணி மாட்டிடாத. கோழி திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கேன் அதுல."

அந்த அடையாள அட்டைப் படத்தை எடுத்தது தங்கைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், வரிசையோடு வரிசையாக அக்காவும் வந்து உட்கார்ந்தாள். நாற்பது விநாடி. விளக்கு அடித்த அடியில் கண் பாதி சுருங்கிவிட்டது. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், இதுவே போதும் என்று அக்காதான் எழுந்து போனாள்.

"போன்ல இருக்குமே" என்றாள் தங்கை.

"போன்ல எங்க இருக்கேன்? எல்லாத்துலயும் கையத்தான் நீட்டிக்கிட்டிருக்கேன், 'ஏய் போதும் நிறுத்து'ன்னு. இப்போ இவ எடுத்தா மாவு பூசுன மாதிரி வருது." மகள் அந்த இருட்டில் போனில் எடுத்த படங்களில் முகம் வழுவழுவென்று, கண்ணும் மூக்கும் கரைந்துபோய்த்தான் இருந்தன. "ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறவ. எனக்கு ஒழுங்கா ஒண்ணு எடுத்துக்குடு. ரெண்டே கண்டிஷன். வெளக்கு கூடாது. வாய் கோணுனது தெரியக் கூடாது."

தங்கை தலையாட்டினாள்.

"ஆட்டுனா மட்டும் பத்தாது" என்றாள் அக்கா. பிறகு வேறு குரலில் சொன்னாள். "இவளுக்காகத்தான். என் மூஞ்சி மறந்துபோகும்டீ. நம்ம அம்மா மூஞ்சி எனக்கு இப்போ வரமாட்டேங்குது. கண்ண மூடினா சேலதான் வருது."

கடைக்கு அட்டைப் படம் எடுக்க வருகிறவர்கள் ஒரு வகை என்றால், ஆள் இறந்த பிறகு அந்த அட்டையையே திரும்பக் கொண்டுவருகிறவர்கள் இன்னொரு வகை. "வேற படமே இல்லைங்க, இதைப் பெருசு பண்ணிக் குடுங்க" என்று நீட்டுவார்கள். பின்னணியை மாற்றி, கசங்கிய காலரை நேராக்கி, பெரிதாக்கித் தருவாள். அந்த முகங்களில் இருப்பது வரிசையில் நின்ற சலிப்பு மட்டும்தான். அதைத்தான் குடும்பம் ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே அக்கா என்ன கேட்கிறாள் என்பது மற்ற யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கடையில் இருக்கும் லென்ஸ் அந்த அறைக்கு ஆகாது. அது வெளிச்சத்தைக் கொட்டினால்தான் வேலை செய்யும். குறைந்த வெளிச்சத்தில் படம் எடுக்க வாய் அகலமான லென்ஸ் வேண்டும். அன்றைக்குக் கிளம்புவதற்குமுன் அறையின் தரைக்கல்லை எண்ணினாள். கட்டில் தலைமாட்டிலிருந்து எதிர்ச்சுவர்வரை ஒன்பது கல், கல்லுக்கு ஒரு அடி. எதிர்ச்சுவரில் இரும்பு பீரோ இரண்டு கல்லை விழுங்கியிருந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தால் இன்னும் ஒன்று போகும். மிச்சம் ஆறு. கேமராத் தாங்கி வைக்க இடமில்லை, கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

பழைய லென்ஸ் விற்கிறவர் ஒரு மாடியில் இருந்தார். வருஷக்கணக்காக ஒரு கண்ணை மூடி மூடி லென்ஸைப் பார்த்ததில் அவருக்கு இடது கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். மூன்று லென்ஸை எடுத்து மேசை விரிப்பில் வைத்தார். ஒரு ஐம்பது மில்லிமீட்டர், இரண்டு எண்பத்தைந்து.

"இதுங்க எதுவும் முன்ன பின்ன நீளாது. கிட்ட வேணும்னா நீங்கதான் நடக்கணும்" என்றார். "எந்தக் கல்யாணத்துக்கு?"

"கல்யாணம் இல்ல."

"அப்போ?"

"ஒருத்தர எடுக்கணும்."

"ஒரே ஒருத்தருக்கா லென்ஸ் வாங்குறீங்க?" என்று சிரிக்கப்போனவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அவள் அவருடைய தரைக்கல்லை எண்ணி, ஆறாவது அடியில் செருப்பைக் கழற்றி அடையாளம் வைத்தாள். அவரை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். ஜன்னலைச் சாத்தி, ஒரு முழம் மட்டும் திறந்துவைத்தாள். முதலில் ஐம்பதைப் போட்டு எடுத்தாள். ஆறடியில் முகம் சின்னதாகத் தெரிந்தது. முகம் நிறைய வேண்டுமென்று மூன்றடிக்குப் போனாள். படத்தைத் திருப்பிக் காட்டியதும் அவர் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"என் மூக்கு இவ்வளவு பெருசா?"

"கிட்டப் போனா எல்லா மூக்கும் பெருசுதான்" என்றாள். அன்று அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அக்காவுக்கு அப்பாவின் மூக்கு. சின்ன வயதிலேயே அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அடி விழும்.

எண்பத்தைந்து, ஆறடியில், தலையும் தோளும் அளவாகப் பிடித்தது. மூக்கு மூக்காகவே இருந்தது. இனி இரண்டில் எது என்பதுதான். ஒன்று லேசானது, புதுசு மாதிரி இருந்தது, விலையும் பரவாயில்லை. இன்னொன்று கனமானது, உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி, ஓரத்தில் யாரோ பல வருஷம் பிடித்த தேய்மானம்.

"லென்ஸும் மனுசனும் ஒண்ணுதான், வாய் பெருசா இருந்தா வெல ஜாஸ்தி" என்றார் அவர். "உங்களுக்கு எவ்வளவு இருட்டு?"

அவள் ஜன்னலை இன்னும் கொஞ்சம் சாத்திக் காட்டினாள். லேசான லென்ஸில் படம் புள்ளி புள்ளியாக வந்தது. கனமானதன் வாயை முழுதும் திறந்து எடுத்தாள். அவருடைய பாதி மூடிய கண்ணின் இமை ரோமம் ஒவ்வொன்றாக எண்ணும்படி வந்தது. அந்தக் கண்ணுக்குள் ஜன்னல் தெரிந்தது. காதைத் தேடினாள். காது பனிக்குள் போயிருந்தது.

அவர் எழுந்து வந்து, ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துக் காட்டினார். "முழுசாத் திறந்தா இவ்வளவுதான் ஆழம். ஒரு விரக்கட. அதுக்கு முன்னாடியும் போச்சு, பின்னாடியும் போச்சு. கட்டத்த நகர்த்திக் கண்ணுமேல வையுங்க. கேமராவ நகர்த்தாதீங்க. நீங்க படம் எடுக்கையில முன்னால சாயுறீங்க, பார்த்தேன். கடைசிப் படத்துல கண்ணு நடுவுலயே இருந்துச்சு, சாயாம எடுத்தீங்க, அதனால தப்பிச்சுது. ஞாபகம் வச்சுக்குங்க."

அவள் தலையாட்டினாள். கனமானதை வாங்கிக்கொண்டாள்.

மூன்று நாள் கடையில் பழகினாள். ஆள் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வைத்து, மூடியில் கண் வரைந்து, கட்டைவிரலால் கட்டத்தை மேலே ஏற்றி ஏற்றி எடுத்தாள். பாட்டிலின் கண் ஒவ்வொரு தரமும் தெளிவாக வந்தது. பாட்டிலோடு பேச வேண்டியதில்லை, பாட்டில் சாகப்போவதுமில்லை.

நாலாம் நாள் மாமா போன் செய்தார். அக்காவின் கணவர், வீட்டில் எல்லாரையும்விட மெதுவாகப் பேசுகிறவர். "இன்னிக்குக் கொஞ்சம் பரவால்லம்மா. வர்றியா?" என்றார்.

அக்கா தலை சீவி, நீலச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். மகள்தான் கட்டிவிட்டிருக்கிறது, மடிப்பு கோணல். முதுகுக்கு மூன்று தலையணை. தங்கை அவள் முகத்தை மெல்ல வலது பக்கம் திருப்பினாள், தொங்கிய வாயோரம் நிழலுக்குள் போயிற்று. இடது கண்ணும் கன்னமும் காதும் ஜன்னல் பக்கம் வந்தன. போர்வை ஒரு முழம் உயர்ந்தது. அக்கா ஒரு தரம் பல்லைக் கடித்து, அப்புறம் கண்ணைத் திறந்தாள். நேராக லென்ஸைப் பார்த்தாள். நாற்பது மெஷினைப் பார்க்கிற பார்வை.

"அந்த வெளிச்சத்த அணைடீ" என்றாள். கேமராவின் பின்பக்கத் திரை. தங்கை திரையை அணைத்தாள். இனி எடுத்த படத்தை அங்கேயே பார்க்க முடியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்துக்குள் ஒரே இருட்டு, கட்டம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தேடிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள், "என்ன, குளத்துல மீன் தேடுறியா? சீக்கிரம். ரொம்ப நேரம் தாங்காது."

அவ்வளவுதான். கட்டைவிரல் மறந்துபோயிற்று. நடுக் கட்டம் கண்ணுக்குப் போயிற்று, பொத்தான் பாதி இறங்கிற்று, மூச்சு நின்றது, தலை இறங்கிற்று.

அக்கா உதடு அசையாமல் சொன்னாள்: "ஆட்டுறா பாரு. இன்னும் ஆட்டுறா."

மகள் வாயைப் பொத்திச் சிரித்தது. மாமாவும் சிரித்தார். அந்த அறையில் பல வாரத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. தங்கைக்கும் சந்தோஷமாக இருந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் தலை இறங்கிற்று. ஒரே ஒரு தரம், அக்கா மகளைப் பார்த்து "சிரிச்சது போதும், சேலய ஒழுங்காக் கட்டிவிடத் தெரியல, சிரிப்பு வேற" என்று திரும்பித் திட்டியபோது, தங்கை திடுக்கிட்டுத் தலையை இறக்காமலே அழுத்திவிட்டாள். அதையும் சேர்த்துப் பதினாலு படம். போர்வை இறங்கியது.

இருட்டில் அக்கா கேட்டாள். "நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்றாள் தங்கை. பார்க்காமலே சொன்னாள். இருபத்திரண்டு வருஷமாக எல்லாரிடமும் சொல்லும் வார்த்தை அது.

"வாய்?"

"தெரியல."

"அப்போ சரி. நீ சொன்னா சரி."

கடைக்குப் போய்க் கணினியில் படங்களைத் திறந்தாள். முதல் படம் சின்னதாக வந்தபோது நெஞ்சு நிறைந்தது. அக்கா அப்படியே இருந்தாள், கழுத்து நிமிர்ந்து, வாய் மூடி, மிடுக்காக. படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணில் ஏதோ ஈரம் படர்ந்த மாதிரி இருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். ஈரம் இல்லை. தெளிவில்லை. இமை, கருவிழி, விழிக்குள் இருக்க வேண்டிய ஜன்னல், எல்லாம் பாலில் கரைந்தமாதிரி இருந்தன. நகர்த்திக்கொண்டே போனாள். காது வந்தது. காதின் மடிப்பு, கம்மல் ஓட்டை கிழிந்து தையல் போட்ட தழும்பு, அதன் பக்கத்தில் பூனைமுடி, எல்லாம் ஊசி முனை மாதிரி தெளிவாக இருந்தன.

பதின்மூன்று படத்திலும் அதேதான். தலை இறங்கும்போது கேமரா இரண்டு விரல் முன்னால் போகிறது, கண்ணில் பூட்டிய ஃபோகஸ் இரண்டு விரல் பின்னால் போய்க் காதில் விழுகிறது. கடையின் பழைய லென்ஸுக்கு ஆழம் அரை முழத்துக்கு மேல், அங்கே இரண்டு விரல் ஒரு பொருட்டே இல்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தத் தப்பைச் செய்துகொண்டேதான் இருந்திருக்கிறாள், லென்ஸ் அதை மூடிக்கொண்டே வந்திருக்கிறது. லென்ஸ்காரர் சொன்னார். அக்காவும் சொன்னாள். அந்த நேரத்திலேயே, வாயைத் திறந்து, இன்னும் ஆட்டுறா என்று சொன்னாள்.

பதினாலாவது படத்தில் கண் இருந்தது. ஒவ்வொரு இமை முடியும் இருந்தது. விழிக்குள் ஜன்னலும், ஜன்னலுக்கு முன்னால் மகளின் உருவமும்கூட இருந்தன. ஆனால் முகம் திரும்பியிருந்தது. திட்டிக்கொண்டிருந்த வாய் திறந்து, வலது ஓரம் தாடைவரைக்கும் தொங்கி, ஈறு தெரிந்தது.

மறுநாள் நாலு மணிவரை பொறுக்காமல் மத்தியானமே கேமராவை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து கண் திறக்கவில்லை என்றார். கூப்பிட்டால் கையை அசைக்கிறாள், கண்ணைத்தான் திறக்கவில்லை. தங்கை கேமராப் பையை வெளியிலேயே செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது நாள் அந்தக் கை இருந்தது. கண் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் மாமா கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காராமல் சுவரோரமாக நின்றார். "அந்தப் படம்" என்றார்.

ஒன்பது நாளும் அதற்கப்புறமும் அவள் அதைத்தான் யோசித்திருந்தாள். கணினியில் கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தாள், பொம்மைக் கண்ணாக வந்தது, அழித்துவிட்டாள். மூன்று வழிதான் இருந்தது. கோழி திருடியின் கார்டு படம், கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். பதினாலாவது படம், வாய் கோணியது தெரியக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். கடைசியில் ஆறாவது படத்தைத் திறந்தாள். வாய் மூடியிருந்தது, கழுத்து நிமிர்ந்திருந்தது.

மாமா திரைக்குப் பக்கத்தில் வந்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் கை சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

"கண்ணு கலங்கியிருக்கு" என்றார்.

அவள் படத்தைப் பெரிதாக்காமல் அப்படியே விட்டாள்.

"எங்கிட்ட ஒருநாளும் அழுததில்லம்மா. பத்தொம்பது வருஷம். ஆஸ்பத்திரியில சொன்னப்பக்கூட அழல. நாங்க மனசு ஒடஞ்சிடுவோம்னு அடக்கிக்கிறான்னு நெனப்பேன். இல்ல, அவ கல்லுதானோன்னும் நெனச்சிருக்கேன்." அவர் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "உன்னப் பார்த்ததும் அழுதிருக்கா. இல்லம்மா? உன்னப் பார்த்து அழுதாளா?"

இல்லை, ஃபோகஸ் காதில் இருக்கிறது, நான் முன்னால் சாய்ந்துவிட்டேன், அக்கா அழவில்லை என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது. எதிரே அவர் முகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நின்றதுபோல நின்றாள்.

தலையாட்டினாள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கண்ணைத்தான் சொல்கிறார்கள், எவ்வளவு ஈரம், எவ்வளவு பாசம் என்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த ஒருத்தி மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஊசியக்கா மாதிரியே இல்லையே" என்றாள். நோயில் மாறிப்போச்சு என்று மாமா சொன்னார். பதினேழு வயதாகிவிட்ட மகள் தன் தோழிகளிடம், அம்மா ரொம்ப மென்மையானவங்க, சீக்கிரம் கண்ணு கலங்கிடும் என்று சொல்கிறாள். அம்மா திட்டியது எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லையாம். போன மாதம், "சித்தி, அன்னிக்கு அம்மா என்ன சொல்லி அழுதாங்க?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, வெளிச்சம் பட்டுக் கண் கூசியது என்றாள் சித்தி. மகள் அதை நம்பவில்லை.

கடை காலை ஒன்பது மணிக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடுகிறது. பழைய லென்ஸ்தான் கேமராவில் இருக்கிறது. அந்த எண்பத்தைந்து லென்ஸ் அலமாரியின் மேல்தட்டில் துணிப்பையில் இருக்கிறது, பதினாலு படத்துக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. பதினாலாவது படத்தை ஒரே ஒரு பிரதி எடுத்து மேசை இழுப்பறையில், வெட்டிய ஓரக் காகிதங்களுக்கு அடியில் வைத்திருக்கிறாள். யாருக்கும் காட்டியதில்லை. தலையாட்டாமல் எடுக்க மூன்று வருஷமாக முயற்சி செய்கிறாள். இன்னும் ஆட்டுகிறாள்.